கம்பைலர் யார் பேரில்?

பாரத்தில் மொத்தம் இருபத்து மூன்று கேள்விகள். இருபத்திரண்டுக்கு ஃபெபி பத்து நிமிஷத்தில் பதில் எழுதிவிட்டாள். பதினேழாவதில் பேனா நின்றுபோனது.

'இந்தப் பொருளின் மென்பொருளை உருவாக்கப் பயன்படுத்திய கம்பைலர் எது? லைசென்ஸ் யார் பேரில்?'

கேட்டானே பாவி என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

ஒரகடத்தில் கார் சீட் பண்ணுகிற கம்பெனி அனுப்பிய பாரம் அது. ஃபெபியும் ரகுவும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்து செய்கிற பெட்டியை அவர்கள் அறுபது கேட்டிருந்தார்கள். பெட்டியின் வேலை ரொம்பச் சின்னது. சீட்டுக்கு நாலு போல்ட். நாலையும் முடுக்கினால்தான் சீட்டைப் பிடித்திருக்கிற கிளாம்ப் விடும். மூணோடு தள்ளிவிடப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரியும், கிளாம்ப் விடாது. எந்தச் சீட்டுக்கு எத்தனை போல்ட் என்று பதிவும் ஆகும். ரகு சர்க்யூட் போடுவான், ஃபெபி புரோகிராம் எழுதுவாள். மூன்று மாதிரிப் பெட்டிகள் ரெண்டு மாசமாக அவர்களுடைய அசெம்ப்ளி லைனில் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பாரம் போய்ச் சேர்ந்தால் ஆர்டர். சேராவிட்டால் ஃபெபி பழையபடி யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். எட்டு வருஷம் வேறொரு கம்பெனியில் லைனில் நின்றவள். ஷிஃப்ட் முடிந்த கையோடு தண்டலத்தில் இருக்கிற காலேஜுக்கு ஓடி, பார்ட் டைமில் இன்ஜினியரிங் முடித்து, முப்பத்து நாலு வயசில் தைரியமாக வேலையை விட்டுவிட்டு வந்தாள். திரும்பப் போவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் மனசு வரவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும்.

கம்பைலர் என்றால் பெரிய பூதம் ஒன்றுமில்லை. மனுஷர் எழுதுகிற புரோகிராமைப் பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற மென்பொருள். அரிசியை மாவாக்கித் தருகிற மில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஃபெபியிடம் இருந்த மில் அவளுடையது இல்லை. காலேஜினுடையது.

படிக்கும்போது புராஜெக்டுக்காக லேப் பொறுப்பாளர் பிரவீன் அவளுடைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தது. திறக்கும்போதெல்லாம் முதல் வரியிலேயே சொல்லும்: படிப்புக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல. மூன்று வருஷமாக அவள் அந்த வரிக்குக் கீழே ஓகே அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். முதலில் புராஜெக்ட், அப்புறம் சும்மா ஒரு மாதிரிக்கு, அப்புறம் அந்த மாதிரியே லைனில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தத் தேதியில் படிப்பு முடிந்து வியாபாரம் ஆரம்பித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"இன்னாத்துக்கு இப்டி முழிச்சிகினு கீற?" என்றான் ரகு. "லைசென்ஸ் நம்ம கம்பெனி பேர்லன்னு எழுது. யாரு வந்து பாக்கப் போறான்?"

"நம்பர் கேட்டா?"

"கிராக் பண்ண திருட்டு காப்பி போட்டா நம்பரும் சேந்தே வரும்."

"வாய கழுவு ரகு."

ரகு கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் வாயில் என்னென்னவோ வரும்.

முறையாக வாங்கிவிடலாம் என்று அதே கம்பைலருக்கு விலை கேட்டு மெயில் போட்டாள். ஒரு ஆள் உபயோகிக்க நாலு லட்சத்துச் சில்லறை. வருஷா வருஷம் பராமரிப்புக்குத் தனி. ரகு அந்த மெயிலை ரெண்டு தடவை படித்தான். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினான். "கரண்டாவது மிச்சம் ஆவட்டும்" என்றான். இலவசப் பதிப்பு ஒன்று இருந்தது, ஆனால் முப்பத்திரண்டு கேபிக்கு மேல் ஒரு எழுத்தை அரைக்காது. இவர்களுடைய புரோகிராம் நாற்பத்தொன்று. மாச வாடகைத் திட்டமும் உண்டு. வாடகையை நிறுத்தினால் மில் நின்றுவிடும். ரெண்டு வருஷம் கழித்துப் பெட்டியில் ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் மறுபடி போய் வாசலில் நிற்க வேண்டும்.

மிச்சம் இருந்தது ஓப்பன் சோர்ஸ் என்கிற திறந்த மூலக் கம்பைலர். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது.

"அத மட்டும் தொடாத" என்றான் ரகு. "அதுல போட்டா நம்ம புரோகிராம் முழுசையும் ஊருக்கே குடுத்துடணுமாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தாம்பா!"

அவனைச் சொல்லி என்ன? ஃபெபியும் மூன்று வருஷமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நாலு லட்சத்துக்கும் திருட்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காததற்கு இந்த ஒரு வரி வதந்திதான் காரணம். யாராவது அந்த லைசென்ஸைப் படித்தார்களா? ஒருத்தரும் படிக்கவில்லை.

அவள் படித்தாள். தாளில் பிரிண்ட் எடுத்து, லைனில் வேலைக் குறிப்புப் பலகையை விரல் வைத்துப் படிப்பார்களே, அப்படி வரிவரியாக, ரெண்டு நாள். சட்டத்து இங்கிலீஷ், வாயில் போட்டால் மெல்ல முடியாத இங்கிலீஷ். புதன்கிழமை மத்தியானம் ஒரு இடத்தில் விரல் நின்றது. திரும்பப் படித்தாள். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தாள்.

கம்பைலரையே மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால்தான் அந்த மாற்றத்தைத் திறந்து காட்ட வேண்டும். அதைக் கொண்டு நீ அரைத்த மாவு உன்னுடையது. அரைக்கும்போது மில்லிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற துணுக்குகளுக்கும் தனியாக ஒரு விலக்கு எழுதி வைத்திருந்தார்கள். விற்றுக்கொள், பூட்டி வைத்துக்கொள், உன் இஷ்டம்.

"ரகு, நம்ம மாவு நம்மளுது" என்றாள். எந்தெந்த நாட்டிலோ முகம் தெரியாத மனுஷர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். செய்து, இருங்காட்டுக்கோட்டை மாடி ரூமில் இருக்கிற ஒருத்திக்கு இப்படி ஒரு சந்தேகம் வரும் என்று முன்கூட்டியே நினைத்து, விலக்கும் எழுதி வைத்திருக்கிறார்களே! யாருப்பா நீங்களெல்லாம், நல்லா இருக்கணும் நீங்க என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் வதந்தியில் ஒரு பருக்கை உண்மை இருக்கத்தான் செய்தது. அது கம்பைலரில் இல்லை, ரகுவிடம் இருந்தது. பெட்டியின் சின்னத் திரையில் எண் தெரிவதற்கு அவன் நெட்டிலிருந்து யாரோ எழுதிய ஒரு புரோகிராம் துண்டை எடுத்து ஒட்டியிருந்தான். அதன் லைசென்ஸை இப்போது பார்த்தால், இதைச் சேர்த்து விற்றால் மொத்தப் புரோகிராமையும் திறக்கணும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இத நீ படிச்சியா?"

"எவன் படிப்பான்?"

"நாம படிக்கணும். நாமதான் விக்கிறோம்."

தேடி, அதே வேலையைச் செய்கிற வேறொரு துண்டைப் பிடித்தார்கள். அதை எழுதியவர் கேட்டது ஒன்றே ஒன்று: விற்கிற பொருளோடு என் பேரையும் இந்த நாலு வரியையும் சேர்த்துக் கொடு.

"அவ்ளோதானா? பேரு போதுமாமா அந்தாளுக்கு?" ரகுவுக்கு நம்ப முடியவில்லை.

ஃபெபிக்கு நம்ப முடிந்தது. எட்டு வருஷத்தில் அவள் கை பட்டு எத்தனை லட்சம் பீஸ் போயிருக்கும்? ஒன்றிலும் அவள் பேர் கிடையாது. லைனில் பேர் எழுதுவது ஒரே ஒரு தாளில், பீஸ் ரிஜெக்ட் ஆகிறபோது.

வியாழக்கிழமை புரோகிராமைப் புதுக் கம்பைலரில் போட்டார்கள், பெட்டி ஓடியது. இனி என்ன, பதினேழாவது கேள்விக்குப் புது கம்பைலரின் பேரை எழுதி, லைனில் இருக்கிற மூன்றையும் நைசாக மாற்றிவிட்டு வந்துவிடலாம் என்றான் ரகு. ஃபெபி தலையாட்டவில்லை.

இந்தப் பக்கம் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள், மெஷின், பொருள், முறை, இந்த நாலில் எது மாறினாலும் வாங்குகிறவருக்கு ஒரு தாள் எழுதித் தர வேண்டும். இங்கிலீஷில் நாலும் எம்மில் ஆரம்பிப்பதால் ஃபோர்-எம் தாள் என்பார்கள். ஸ்க்ரூ டிரைவரை மாற்றினால்கூட எழுதுவார்கள். எட்டு வருஷத்தில் அது ஃபெபிக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கம்பைலர் மாறினால் மெஷின் மாறின மாதிரிதானே? முன்னே என்ன, இப்போது என்ன, ஏன் மாற்றினோம் என்று மூன்று கட்டம் இருக்கும். 'முன்னே' கட்டத்தில் அவள் எழுதினாள்: கல்லூரி லைசென்ஸ், வியாபார அனுமதி கிடையாது, தவறு எங்களுடையது.

"ஆர்டர நீயே கிழிச்சிக்கினு வர்ற" என்றான் ரகு. ஆனால் வெள்ளிக்கிழமை பாரமும் தாளுமாக ஒரகடத்துக்கு வண்டியை எடுத்ததும் அவன்தான்.

சீட் கம்பெனியில் தரப் பிரிவு மேனேஜர் இராமச்சந்திரன். சிரித்துப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. தாளை முன்னும் பின்னும் படித்தார்.

"மூணு பெட்டியும் காலேஜ் லைசென்ஸ்ல பண்ணதா?"

"ஆமா சார்."

"ரெண்டு மாசமா என் லைன்ல ஓடுது."

"ஆமா சார். தப்புதான்."

"கம்பைலர் பேரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தா நான் பழசைக் கேட்டிருக்கவே மாட்டேனே மேடம்."

"கேட்டிருக்க மாட்டீங்க சார். மாறினா எழுதணும்னு பழகிட்டேன்."

அவர் தாளை மேசையில் வைத்து அதன் மேல் ஸ்டேப்ளரை வைத்தார். "மூணையும் இன்னிக்கே கழட்டுங்க. புதுசுல போட்டு எடுத்துட்டு வாங்க. செவ்வாய்க்கிழமை ஐநூறு சீட் ஓட்டிப் பாக்கறேன். ஒரு சீட்ல எண்ணிக்கை தப்பினாலும் ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் எங்கிட்ட வந்து நின்னு பிரயோஜனம் இல்ல."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ஃபெபிக்கு. ஆனால் வெளியே போ என்று சொல்லவில்லையே. அந்த மட்டுக்கும் அவர் நல்லவர்.

பெட்டியைக் கழற்றப் போனபோது லைனில் செந்தாமரை சண்டைக்கு வந்துவிட்டாள். மூன்றாவது இடத்தில் நிற்கிற பெண். ஃபெபியின் மாடி ரூமுக்குக் கீழேதான் வாடகைக்கு இருக்கிறாள். அந்த லைனிலேயே அவள் கைக்குத்தான் வேகம் ஜாஸ்தி.

"இன்னாத்துக்குக்கா கழட்றீங்க? அது எனக்கு சாட்சி சொன்ன பெட்டிக்கா!"

போன மாசம் ஒரு போல்ட் இல்லாத சீட் திரும்பி வந்திருந்தது. சூபர்வைசர் நேராக இவளிடம்தான் வந்தார், வேகமாகப் போட்டு விட்டுவிட்டாய் என்று மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு. பெட்டியில் பார்த்தால் அந்தச் சீட்டுக்கு நாலு என்று பதிவாகியிருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, வேறொரு இடத்தில் பழுது பார்க்கக் கழற்றியவர்கள் மாட்ட மறந்திருக்கிறார்கள். மெமோ சூபர்வைசர் பைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

ஃபெபி நடந்ததைச் சொன்னாள். செந்தாமரை முழுசாகக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ரூம்ல வச்சி ஓட்டிப் பாக்க ஆளு வேணும்னா கூப்புடுக்கா" என்றாள். லீவு நாளில் லைனுக்குப் போனால் அவளுக்கு ஓவர்டைம் காசு கிடைக்கும். அதை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள்!

திரும்புகிற வழியில் ஃபெபி பிரவீனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். காலேஜ் கம்பைலரை லேப்டாப்பிலிருந்து அழித்தாயிற்று என்றும் சொன்னாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "நீயா சொன்னியே, நல்லாருப்ப" என்றார். அதோடு புதுக் கம்பைலரின் பேரையும் எழுதி வாங்கிக்கொண்டார், லேபிலும் போட்டுவிடலாம், பிள்ளைகள் இதே குழியில் விழ வேண்டாம் என்று.

சனிக்கிழமை ஃபெபியும் ரகுவும் மேசையில் ஒரு சீட் சட்டத்தைக் கட்டி வைத்து ஆளுக்கு இருநூறு தடவை போல்ட் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தப்பவில்லை. அந்தச் சந்தோஷம் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை எடுத்தாள். கவரின் மேல் பேரும் காரணமும் எழுதிப் போட்டால் பாஸ்டர் சபைக்கு முன்னால் வாசிப்பார். வீடு கட்டினதற்கு, பிள்ளை பாஸ் பண்ணினதற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு என்று வரிசையாக வந்தது. நடுவில் பாஸ்டர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு வாசித்தார்: "சகோதரி ஃபெபி, நல்ல கம்பைலர் கிடைத்ததற்காக." சபை ஒரு நொடி யோசித்தது. அப்புறம் எதுவானால் என்ன என்று மொத்தமாக "ஸ்தோத்திரம்" என்றது. வாசலில் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ மைலேஜ் குடுக்குதும்மா?" என்று கேட்டார். நல்லா குடுக்குது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் நன்றி சொன்னாளா? மத்தியானம் மானம் போனது.

செந்தாமரை துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு துப்பாக்கி மாதிரி இருக்கிற அந்த முடுக்கியைக் கையில் எடுத்தாள். டர், டர், டர், டர். மூச்சு விடுவதற்குள் நாலு. எட்டு சீட் சரியாகப் போனது. ஒன்பதாவதில் சிவப்பு விளக்கு. திரையில் மூணு.

"நீ மூணுதான் போட்ட" என்றான் ரகு, யோசிக்காமல்.

செந்தாமரை முடுக்கியைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஃபெபி ரகுவை முறைத்தாள். எந்த வார்த்தையிலிருந்து அவளைக் காப்பாற்றியது இந்தப் பெட்டி, அதே வார்த்தையை இப்போது பெட்டிக்காரனே சொல்லிவிட்டான்.

"எண்ணிப் பாருங்கண்ணா" என்றாள் அவள்.

ரகு குனிந்து எண்ணினான். நாலு இருந்தது. "தப்பு என்னுதும்மா, மன்னிச்சிக்கோ" என்றான். அவன் அப்படிச் சொல்லி ஃபெபி கேட்டதே இல்லை.

இன்னும் முப்பது சீட்டில் ரெண்டு தடவை தப்பியது. ரகு மெதுவாகப் போட்டால் தப்பாது. செந்தாமரை போட்டால்தான் தப்பும். ஃபெபிக்கு முதலில் கம்பைலர் மேல்தான் கோபம் வந்தது. ஓசியில் வந்தது இப்படித்தான் இருக்கும் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நன்றி கெட்டத்தனமாக நினைத்தும் விட்டாள். அப்புறம் தன்னுடைய புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். சாயங்காலம் டீ வருகிற நேரத்துக்குக் கண்ணில் பட்டது.

போல்ட் எண்ணிக்கை எந்த நொடியிலும் மாறக்கூடியது, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போய்ப் பார் என்று கம்பைலருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதை அவள் எழுதவில்லை. பழைய கம்பைலர் தானாகவே ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்து அவள் தப்பை மூடி வைத்திருந்தது. புதுசு கறார், சொன்னதை மட்டும் செய்தது. ஒரு தடவை பார்த்த எண்ணிக்கையையே கொஞ்ச நேரத்துக்கு நம்பி இருந்துவிட்டது. சாதாரணக் கைக்கு அது போதும். செந்தாமரை கைக்குப் போதவில்லை, அது திரும்பப் பார்ப்பதற்குள் அடுத்த போல்ட் விழுந்திருக்கும்.

மூன்று வருஷமாக அவளே எழுதி அவளே பாராட்டிக்கொண்ட தப்பு! இது செவ்வாய்க்கிழமை இராமச்சந்திரன் முன்னால் வெளியே வந்திருந்தால்? அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாள். செந்தாமரை டீயைக் குடித்துவிட்டு முந்நூறு சீட் போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தங்கமான கைடி உனக்கு" என்று ஃபெபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கக் கிரீஸ், விரல் ஓரமெல்லாம் காய்ப்பு.

"வுடுக்கா, கூசுது" என்றாள் செந்தாமரை.

செவ்வாய்க்கிழமை ஐநூறு சீட். இராமச்சந்திரன் பக்கத்திலேயே நின்றார். மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. ஐநூறாவது சீட் போனதும் பதிவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "அந்த ஃபோர்-எம் தாளை மத்த சப்ளையருக்கெல்லாம் காட்டப் போறேன், உங்க பேரை மறைச்சிட்டு" என்றார். கொஞ்சம் நின்று, "மறைக்கணுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார், இருக்கட்டும்" என்றாள் ஃபெபி.

மூன்று வாரம் கழித்து முதல் இருபது பெட்டிகள் லைனுக்குப் போயின. ஃபெபி பக்கத்தில் நிற்க, அட்டைப் பெட்டியைப் பிரித்தது செந்தாமரைதான். உள்ளே மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. கம்பைலரின் பேர், அதோடு சேர்ந்து வந்த துணுக்குகளை எழுதியவர்களின் பேர், திரைத் துண்டை எழுதியவரின் பேரும் அவர் கேட்ட நாலு வரியும். அந்த ஆளின் பேரை வாசிக்க அவளுக்கு நாக்கு புரளவில்லை. கீழே கடைசியில் தமிழில் ஒரு வரி இருந்தது: வேகச் சோதனை, செந்தாமரை, ஒரகடம்.

அவள் அதைப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். அடுத்த அட்டையைப் பிரித்தாள். அதிலும் இருந்தது.

"ஏக்கா, எல்லாத்துலயுமா கீது?"

"அறுபதுலயும் கீது."

"இன்னாத்துக்கு என் பேரு? அப்டி போடணும்னு லைசென்ஸ்ல கீதா?"

"அவங்க லைசென்ஸ்ல இல்ல" என்றாள் ஃபெபி. "எங்க லைசென்ஸ்ல கீது."

செந்தாமரை தாளை நாலாக மடித்து, கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டு உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால் சொருகிக்கொண்டாள். பெல் அடித்தது. லைன் நகர ஆரம்பித்ததும் முடுக்கியை எடுத்து முதல் சீட்டுக்கு நாலு போல்ட்டும் போட்டாள். கிளாம்ப் விட்டது.